சுறா பார்க்கிறவள்

ஷெர்லீன் ஃப்ளோரெஸுக்கு வேலை கடலைப் பார்ப்பது. காலை எட்டு மணிக்கு மலைச்சாலையோரக் குடிலில் ஏறி உட்கார்ந்தால் மதியம் இரண்டு மணி வரைக்கும் பார்க்க வேண்டும். "உட்கார்ந்து கடலைப் பார்க்கச் சம்பளமா? எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லு" என்று அவளுடைய மச்சான் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்வான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவனே சிரித்தும் கொள்வான். அவனை ஒரே ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்க வேண்டும், சிரிப்பு தானாக அடங்கியிருக்கும்.

இருப்பதைப் பார்ப்பது சுலபம். இல்லாததைப் பார்ப்பதுதான் கஷ்டம். நூறு நாளில் தொண்ணூற்றெட்டு நாள் அந்தத் தண்ணீரில் சுறா கிடையாது. அது கிடையாது என்று ஒவ்வொரு நிமிடமும் உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும், அதற்குத்தான் சம்பளம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்று சொல்கிறோமே, அதை வாரத்துக்கு ஐந்து நாள், பன்னிரண்டு வருடம் செய்தவள் அவள்.

கீழே மியூசன்பெர்க் கடற்கரை. கேப்டவுனுக்கு வருகிற எவனுக்கும் பலகைமேல் ஏறி நின்று அலையில் வழுக்க ஆசை வந்தால் இங்கேதான் வருவான், ஏனென்றால் இங்கே அலை சாது. விடுமுறை நாளில் முந்நூறு நானூறு பேர் கறுப்பு ரப்பர் உடுப்பில் மிதப்பார்கள். மேலிருந்து பார்த்தால் தண்ணீரில் உளுந்து சிந்தியது போல இருக்கும். அடியிலிருந்து பார்க்கிற சுறாவுக்கு அதுவே கொழுத்த கடல்நாய்க் கூட்டமாகத் தெரியும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்.

ஷெர்லீன் மேலிருந்து வாக்கி-டாக்கியில் சொல்வாள், மணலில் நிற்கும் லுவுயோ அதன்படி கொடி ஏற்றுவான். தண்ணீர் தெளிவாக இருக்கிறது, சுறா இல்லை என்றால் பச்சை. மேகமோ காற்றோ மறைத்து ஒன்றும் தெரியவில்லை என்றால் கறுப்பு. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சுறா வந்துபோனது என்றால் சிவப்பு. சுறா இப்போதே இருக்கிறது என்றால் வெள்ளை, கூடவே சைரன். வெள்ளை ஏறினால் எல்லாரும் கரைக்கு ஓட வேண்டும். கறுப்பு ஏறினால் இறங்கலாம், ஆனால் மேலே இருப்பவளை நம்பி இறங்கக் கூடாது. உன் உயிர், உன் பாடு.

ஷெர்லீன் பிறந்தது இரண்டு ரயில் நிலையம் தள்ளி, கால்க் பே மீனவர் குடியிருப்பில். அவளுடைய அப்பா இதே மலையில் நின்று மீன் கூட்டத்தைப் பார்த்துத் தொப்பியை ஆட்டி வலைக்காரர்களுக்குத் திசை காட்டியவர். அவரிடமிருந்து கண்ணும் முன்கோபமும் தவிர வேறு எதுவும் அவளுக்கு வரவில்லை. பத்தொன்பது வருடம் தையல் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைத்தாள். அது மூடிவிட்டது. புருஷன் ஜெரால்டும் போய்விட்டான். போன இடம் அவளுக்குத் தெரியும், போய்ப் பார்க்கத்தான் தோன்றவில்லை. மகள் ஷான்டே அப்போது சின்னப் பெண். இப்போது நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருடம்.

இந்த வேலைக்கு ஆள் எடுத்த நாளில் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். சுறா வடிவத்தில் வெட்டிய பலகைக்குக் கறுப்பு அடித்து, ஒரு படகு அதைத் தண்ணீருக்கடியில் இழுத்துப் போகும். யார் முதலில் பார்க்கிறார்கள் என்பது பரீட்சை. மற்றவர்கள் தொலைநோக்கியைத் திருகிக்கொண்டிருந்தபோதே ஷெர்லீன் கை நீட்டினாள்.

"அதோ, மூணாவது அலைக்குப் பின்னால. ஆனா அது சுறா இல்ல, ஏதோ கட்டை. வால் ஆடல."

அன்றைக்கே அவளுக்கு மலை கிடைத்தது. மற்றவர்கள் ஒரு நாள் மலை, ஒரு நாள் மணல் என்று மாறி மாறிப் போவார்கள். ஷெர்லீனை யாரும் கீழே இறக்கவில்லை. அந்தக் கண்ணை மணலில் வைத்து என்ன செய்ய என்றார்கள்.

அந்தக் கண்ணுக்குத்தான் வந்தது கேடு.

மே மாதத்தில் ஒரு நாள் கறுப்புக் கண்ணாடி அழுக்காகிவிட்டது என்று துடைத்தாள். மறுநாளும் துடைத்தாள். பிறகு புதுக் கண்ணாடி கேட்டு வாங்கினாள், அதையும் துடைத்தாள். அழுக்கு கண்ணாடியில் இல்லை என்பது அவளுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது, துடைப்பதைத்தான் நிறுத்த மனம் வரவில்லை. கடல் முழுவதும் யாரோ பால் கலந்துவிட்ட மாதிரி இருந்தது. அரசு மருத்துவமனையில் இரண்டு கண்ணிலும் புரை என்றார்கள். அறுவை சிகிச்சை செய்துவிடலாம், வரிசையில் பெயர் எழுதிக்கொள்கிறோம், ஒன்றரை வருடம் ஆகும் என்றார்கள்.

ஒன்றரை வருடம். ஷான்டே படிப்பு முடிக்க அதே ஒன்றரை வருடம்தான் பாக்கி. வீட்டில் வேறு சம்பளம் கிடையாது. கண் தெரியாதவளுக்கு மலைமேல் வேலை கிடையாது என்பதை யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவரிடமும் சொல்லாமல் மறுநாள் காலை படியேறினாள்.

அதற்குப் பிறகுதான் கறுப்புக் கொடி நாட்கள் ஆரம்பித்தன.

அவள் கெட்டவள் இல்லை. தெரியாத தண்ணீரைத் தெரிகிறது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதனால் மேகம் லேசாக எட்டிப்பார்த்தாலே கறுப்பு என்றாள். காற்று தண்ணீரை லேசாகச் சுருக்கினாலும் கறுப்பு. கறுப்புக் கொடி பொய் சொல்லவில்லையே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். தெரியவில்லை என்கிறது கொடி, தெரியவில்லைதான். குற்றம் தண்ணீரிலா கண்ணிலா என்று கொடியில் எழுதவா போகிறார்கள்? நல்ல வக்கீலாக வந்திருக்க வேண்டியவள்.

"ஆன்ட்டி, நான் முட்டியளவு தண்ணில நிக்கறேன்" என்பான் லுவுயோ வாக்கி-டாக்கியில். "என் கால் நகம் தெரியுது. நகத்துல இருக்கற அழுக்கு கூடத் தெரியுது. மேல என்ன, மழையா?"

"இங்க வெயில் பட்டுத் தண்ணி தகதகன்னு அடிக்குது. கண்ணு கூசுது. கறுப்ப ஏத்து."

"சரி, மகாராணி சொன்னா சரி."

"மகாராணிக்கு முட்டி வலிக்குது. வாய மூடிட்டு ஏத்து, எம் பிள்ளே."

அவன் ஏற்றிவிடுவான். ஒன்பது வருடமாக அவன் கீழே, இவள் மேலே. நாளெல்லாம் பேசிக்கொண்டிருப்பார்கள். காலையில் என்ன தின்றாய் என்பதில் ஆரம்பித்து லுவுயோவின் மாமியார் வரைக்கும் எல்லாம் வரும். முகத்தைப் பார்த்துப் பேசியது குறைவு, வண்டி ஏறுகிற இடத்தில் பத்து நிமிடம்தான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள் மறைக்க முடியும்? பூசணிக்காய் ஷெர்லீன் நினைக்காத பக்கத்தில் வெளியே வந்தது. கறுப்பு தினமும் பறந்தால் அதற்கு என்ன மதிப்பு? ஜூலையில் கறுப்பைப் பார்த்துக் கால்வாசிப் பேராவது கரையில் நின்றார்கள். நவம்பரில் வழக்கமாக வருகிற அலைக்காரர்கள் அதைத் தலை தூக்கிப் பார்ப்பதுகூட இல்லை. புலி வருது கதைதான். எச்சரிக்கை செய்வதாக நினைத்துக்கொண்டு, எச்சரிக்கையையே அவள் தேய்த்துவிட்டாள். இது அவளுக்கும் புரிந்தது. புரிந்த அன்று வீட்டுக்குப் போய் அடுப்புப் பற்ற வைக்காமல், ரொட்டியை வெறுமனே தின்றுவிட்டுப் படுத்தாள். இவ்வளவு அலுப்பு பத்தொன்பது வருடம் காலர் தைத்தபோதும் வந்ததில்லை.

டிசம்பர் விடுமுறைக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஹென்னி மலைக்கே வண்டியில் ஏறி வந்துவிட்டான். கீழே அலைப்பலகைப் பள்ளி நடத்துகிறவன். அறுபது வயது, உடம்பெல்லாம் வெயிலில் வெந்த நிறம், குரல் மட்டும் வேகாதது.

"போன மாசம் பதினெட்டு நாள் கறுப்பு, ஷெர்லீன். எண்ணி வெச்சிருக்கேன். அலைக்காரங்களுக்குக் கவலை இல்ல, அவங்க இறங்கிடறாங்க. எங்கிட்ட வர்றவங்க வெளியூருங்க, பிள்ளையக் கூட்டிட்டு வர்ற அம்மாங்க. கொடிக்கு என்ன அர்த்தம்னு பலகைல படிச்சுட்டுத் திரும்பிப் போயிடறாங்க. வானம் நீலமா இருக்கு, தண்ணி நீலமா இருக்கு. உங்களுக்கு மட்டும் எப்படிம்மா கறுப்பா இருக்கு?"

"நீ வந்து ஒரு வாரம் உக்காரு, அப்பத் தெரியும்."

"நான் ஜோஸ்லின்கிட்டப் பேசிட்டேன்" என்றான் ஹென்னி.

ஜோஸ்லின் இவர்கள் எல்லாருக்கும் மேலாள். வயதில் ஷெர்லீனின் மகளைவிட ஏழெட்டு வருடம்தான் மூத்தவள். அன்று சாயங்காலமே போன் செய்தாள். "ஆன்ட்டி, ஒண்ணும் தப்பா நினைச்சுக்காதீங்க. வியாழக்கிழமை எல்லாருக்கும் பலகைப் பரீட்சை வைக்கிறோம். உங்களுக்கும் சேர்த்துதான். ஒரு கணக்குக்கு."

வியாழக்கிழமை பலகை வரும். ஷெர்லீன் அதைப் பார்க்க மாட்டாள். வேலை போகும். இதற்கு நடுவில் ஐந்து நாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது காற்று செத்துக் கிடந்தது. வானத்தில் மருந்துக்கும் மேகம் இல்லை. படியேறி முடித்து மூச்சு வாங்க உட்கார்ந்தவளுக்குக் கறுப்பு என்று சொல்லத் தேடியும் ஒரு சாக்கும் கிடைக்கவில்லை. கீழே கூட்டம் அள்ளியது. வெள்ளிக்கிழமை ஹென்னி கத்தியது இன்னும் காதில் இருந்தது. இன்றைக்கும் கறுப்பு என்றால் வியாழன் வரைக்கும்கூடக் காத்திருக்க மாட்டார்கள்.

"என்ன நிறம் ஆன்ட்டி?" என்றான் லுவுயோ.

அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"பச்சை" என்றாள்.

லுவுயோ திருப்பிக் கேட்டான். "பச்சையா?"

"காது கேக்கலயா? பச்சை."

கொடி ஏறியது. அது ஏறியதைக்கூட அவள் பார்க்கவில்லை, ஏற்றிவிட்டேன் என்று அவன் சொல்லித்தான் தெரிந்தது.

பத்தரை மணிவாக்கில் வாடகைக் கார் ஒன்று ஓரமாக நின்று, துணித் தொப்பி போட்ட வெளிநாட்டுக்காரி ஒருத்தி இறங்கினாள். கரையோரம் வரிசையாக நிற்கும் வண்ண வண்ண மரக்குடில்களைப் படம் எடுக்க இந்த வளைவுதான் தோதான இடம். படம் எடுத்து முடித்தவர்கள் எல்லாரும் ஷெர்லீனிடம் வந்து அதே மூன்று கேள்வி கேட்பார்கள். சுறா பார்த்திருக்கிறாயா, எவ்வளவு பெரிது, பயமாக இல்லையா. பன்னிரண்டு வருடமாக ஒரே பதிலைச் சொல்லி அந்தப் பதில்களுக்கே அலுத்துவிட்டது. இந்த அம்மாளுக்கும் சொன்னாள்.

"அங்க கறுப்பாத் தெரியுதே, அதுவா சுறா?" என்று கேட்டாள் அவள்.

இதுவும் வழக்கம்தான். வருகிறவர்களில் பாதிப் பேர் கை நீட்டுவார்கள். அங்கே பாறையோரம் கடற்பாசி கறுப்புத் திட்டாக வளர்ந்து கிடக்கும். ஷெர்லீன் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்கிற பதில் ஒன்று உண்டு. அதைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "அது பாசிம்மா. எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க."

அந்த அம்மாள் மரியாதையாகத் தலையாட்டினாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். "பாசி நகருமா?" என்றாள்.

"எங்க?"

"அதோ, அந்தச் சிவப்புக் குடிலுக்கு நேரா. இப்ப மஞ்சளுக்கு நேரா வந்துடுச்சு."

ஷெர்லீன் தொலைநோக்கியை எடுத்தாள். பால். இடது பக்கம் திருப்பினாள், அங்கேயும் பால், வெயில் பட்டு இன்னும் வெளுத்த பால். கண்ணைக் கசக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தாள். அங்கே இருப்பதை ஊர் பேர் தெரியாத ஒருத்தி பார்க்கிறாள், தன்னால் பார்க்க முடியவில்லை. "வால் ஆடுதா?" என்று கேட்டாள். கேட்டபோது அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

"ஆடுது" என்றாள் அந்த அம்மாள்.

ஷெர்லீன் சைரனை அழுத்தினாள். "வெள்ளை, லுவுயோ, வெள்ளை. மஞ்சள் குடிலுக்கு நேரா."

உளுந்தெல்லாம் கரையை நோக்கி ஓடியது. அதுகூட அவளுக்கு அரைகுறையாகத்தான் தெரிந்தது. மற்றதை வாக்கி-டாக்கியில் கேட்டாள். ஹென்னியின் மாணவர்கள் பன்னிரண்டு பேர், எல்லாம் இடுப்பளவு தண்ணீரில். கடைசிப் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஹென்னி மணலில் விழவும், அவன் பின்னால் இருபது முழம் தள்ளி சுறாவின் முதுகுத் துடுப்பு மேலே வந்து திரும்பவும் சரியாக இருந்ததாம். கரையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். நான்கு மீட்டர் நீள வெள்ளைச் சுறா, அவசரமே இல்லாமல் கிழக்கே போய்விட்டது.

கீழேயிருந்து ஒரு சத்தம் எழும்பி வந்தது. என்ன சத்தம் என்று ஷெர்லீனுக்கு முதலில் விளங்கவில்லை. நானூறு பேர் மலையைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். துணித் தொப்பிக்காரியும் சேர்ந்து தட்டினாள். பிறகு இவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கி, அருமையான வேலை என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டாள். பெயரைக் கேட்கக்கூட ஷெர்லீனுக்கு வாய் எழவில்லை.

ஒரு மணிக்கு ஹென்னி வந்தான், கையில் காகிதத்தில் சுற்றிய சுடச்சுட வறுத்த மீனும் உருளைக்கிழங்கும்.

"எண்ணினேன்னு சொன்னேன்ல, பதினெட்டு நாள்னு. இனிமே எண்ண மாட்டேன். நீங்க வருஷம் முழுக்கக் கறுப்பப் போடுங்க, நான் ஒரு வார்த்தை பேசினா செருப்பால அடிங்க." அவனுக்குக் கண் கலங்கியது. "பன்னிரண்டு பிள்ளைங்க, ஷெர்லீன்."

அவள் மீனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாப்பிடவில்லை.

ஜோஸ்லின் இரண்டு மணிக்குப் படியேறி வந்தாள். சுறா வந்தால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். எத்தனை மணி, எவ்வளவு நீளம், எந்தத் திசை, பார்த்தவர் யார். நின்றபடியே எழுதினாள். அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"கழுகுக் கண்ணு ஆன்ட்டி உங்களுக்கு. உங்களுக்குப் போய் வியாழக்கிழமை பரீட்சையா? அதெல்லாம் புது ஆளுங்களுக்கு. உங்க பேரை எடுத்துட்டேன்."

இத்தனை நாள் ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு கேட்ட வரம் தானாக வந்து வாசலில் நிற்கிறது. பரீட்சை இல்லை. வேலை இருக்கிறது. ஷான்டே படித்து முடிப்பாள். அதற்குள் கண்ணும் சரியாகிவிடும். ஷெர்லீன் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஏழு மாதமாக அதைத்தானே செய்து வருகிறாள்.

"பார்த்தவர் இடத்துல என்ன எழுதியிருக்கே?" என்று கேட்டாள்.

"உங்க பேருதான்."

"அடிச்சிடு."

"ஏன் ஆன்ட்டி?"

"ரோட்டுல நின்ன ஒரு அம்மான்னு போடு. பேரு தெரியாது. படம் எடுக்க வந்தவ. அவதான் பார்த்தா. நான் பாசின்னு சொன்னேன்." சொல்லத் தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. "மே மாசத்துலேர்ந்து எனக்குத் தண்ணி தெரியல, ஜோஸ்லின். ரெண்டு கண்ணுலயும் புரை. இன்னிக்குப் பச்சைன்னு சொன்னேன் பாரு, அதையும் தெரியாமத்தான் சொன்னேன்."

ஜோஸ்லின் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சிரிப்பு எப்போது போயிற்று என்று தெரியாமல் போய்விட்டது. பெயரைக் கோடு போட்டு அடித்து, மேலே புதிதாக எழுதினாள். எழுதி முடித்தவள் கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கு மலைக்கு வர வேணாம் ஆன்ட்டி" என்றாள். "கீழ ஏதாவது தர முடியுமான்னு கேட்டுப் பாக்கறேன். சத்தியம் பண்ண மாட்டேன்."

"வேணாம், பண்ணாதே" என்றாள் ஷெர்லீன்.

இறங்குகிறபோது முட்டி இரண்டும் விண் விண் என்று தெறித்தன. அடியில் வண்டி நிறுத்தத்துச் சுவரில் லுவுயோ உட்கார்ந்திருந்தான். கொடிகளை மடித்து மடியில் வைத்திருந்தான். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஆறிப்போன மீனை அவனிடம் நீட்டினாள். அவன் ஒரு துண்டு எடுத்துக்கொண்டான்.

"ஜோஸ்லின்கிட்டச் சொல்லிட்டேன்" என்றாள். "எனக்குக் கண்ணு போச்சு."

"தெரியும் ஆன்ட்டி."

"அவ சொன்னாளா?"

"இல்ல. ஜூன்லயே தெரியும். ஒரு நாள் நான் வேணும்னே கொடிய ஏத்தாம நின்னேன். நீங்க ஒண்ணும் கேக்கல."

ஷெர்லீன் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகமும் ஓரமெல்லாம் கரைந்துதான் தெரிந்தது.

"தெரிஞ்சும் ஏண்டா சொல்லல?"

"நான் சொன்னா உங்க வேலை போயிடும். நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்துக்கிட்டிருந்தேன்."

"அதுவரைக்கும் தண்ணில இருந்தவங்க?"

அவன் மீனைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னாமல் உட்கார்ந்திருந்தான். ரயில் ஒன்று கடலையொட்டிப் போயிற்று.

"எம் பொண்ணுக்கு ஒன்பது வயசாச்சு" என்றான் பிறகு. "ஹென்னி சும்மாவே கத்துத் தர்றேன்னாரு. தினமும் அழுவா, அப்பா தண்ணில இறங்கறேன்னு. சளி இருக்கு, காதுல சீழ் இருக்குன்னு ஏதேதோ சொல்லி..." கையிலிருந்த மீனைக் காகிதத்தில் திரும்ப வைத்தான். "ஜூன்லேர்ந்து அவள மட்டும் நான் தண்ணில விடவே இல்ல, ஆன்ட்டி."

ஷெர்லீன் அவன் முதுகில் கை வைத்தாள்.

"நல்ல காரியம் பண்ணினே" என்றாள்.